முதலில் இறங்கியவன்

கலியன் பிறந்த ஊர் இப்போது கிடையாது. நெய்வேலிச் சுரங்கத்துக்காக எடுத்த ஊர்களில் அதுவும் ஒன்று. இயந்திரங்கள் வந்து வீடு, வயல், கோயில், குளம் என்று பார்க்காமல் மண்ணோடு மண்ணாக வாரிக்கொண்டு போனபோது அவன் மேட்டில் நின்று பார்த்தான். ஊர்த்தெருக்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டு அழுதார்கள். கலியனுக்கு அழுகை வரவில்லை. பத்து வயதில் அந்தக் குளத்தின் மேற்குப் படியில் கால் நனைத்துவிட்டான் என்பதற்காக அவனுடைய அப்பா ஊர் நடுவில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட வேண்டியிருந்தது. விழுந்தவர் முதுகில் ஒருவர் காலை வைத்து நின்றதும் அவனுக்கு நினைவிருந்தது. குளம் தொலைந்தது நல்லதுக்குத்தான் என்று நினைத்தான்.

சேரிக்காரர்கள் முத்தாண்டிக்குப்பம் போகிற சாலையோரம் குடிசை போட்டுக்கொண்டார்கள். கலியனும் மனைவி தனகோட்டியும் இரண்டு வயது மகளும் அங்கேதான் இருந்தார்கள். அறுபத்தொன்றாம் வருஷம் அவனுக்கு பெல்ட் கேங்கில் வேலை கிடைத்தது. சுரங்கத்தில் வெட்டிய மண்ணை மைல் கணக்கில் கடத்திக்கொண்டு போக ரப்பர் பெல்ட் ஓடும். அந்த பெல்ட்டைத் துண்டு துண்டாகக் கொண்டுவந்து இடத்தில் வைத்து ஒட்ட வேண்டும். அந்த வேலையை எடுத்திருந்தது ஒரு மெட்ராஸ் கான்டிராக்டர் கம்பெனி. எட்டுப் பேர் கொண்ட கேங். மேலே சூப்பர்வைசர் சங்கரலிங்கம். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர், நெற்றியில் சந்தனம் காயாமல் வேலைக்கு வருபவர். வேலையைக் கற்றுக்கொடுக்க பெல்ட் செய்த கம்பெனியே ஜப்பானிலிருந்து ஓர் ஆளை அனுப்பியிருந்தது. அவர் பெயர் இவாசே.

இவாசேக்கு நாற்பது வயது இருக்கும். குள்ளமான ஆள், தடித்த கண்ணாடி, கழுத்தில் எப்போதும் ஒரு வெள்ளைத் துண்டு. காலையில் வேலை தொடங்குமுன் கேங் முழுவதையும் வரிசையாக நிற்கவைத்து, ஒன்று இரண்டு என்று தன் பாஷையில் எண்ணிக்கொண்டே கைகால்களை வீசி உடற்பயிற்சி செய்யச் சொல்வார். சுவிட்சைப் போடுமுன் அதை விரலால் சுட்டிக்காட்டிச் சத்தமாக ஏதோ கத்துவார். முதல் வாரம் எல்லாரும் சிரித்தார்கள். இரண்டாவது வாரம் அவர் முழங்காலில் உட்கார்ந்து, துணி அடுக்கை ஒவ்வொன்றாக உரித்து, படிக்கட்டுப்போல் வெட்டி, பசை தடவி, சூட்டுத் தகட்டுக்கு நடுவில் அழுத்தி எடுத்த ஜாயிண்டைப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. ஜாயிண்ட் எங்கே இருக்கிறது என்று விரலால் தடவிக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அவருக்குத் தமிழ் தெரியாது, இங்கிலீஷ் பாதிதான் தெரியும். அதனால் கையைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறவனால்தான் அவரிடம் கற்றுக்கொள்ள முடியும். கலியன் அப்படிப்பட்டவன். கத்தி எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பதை இவாசேயின் மணிக்கட்டைப் பார்த்தே பிடித்துக்கொண்டான். மூன்று மாதத்தில் அவர் கத்தியைக் கேட்குமுன்னே எடுத்து நீட்டினான். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு தலையைக் குனிவார். கொடுக்கும்போதும் இரண்டு கையால்தான் கொடுப்பார். "கலியன்சான்" என்று கூப்பிடுவார். அந்தச் 'சான்' அவர்கள் ஊரில் மரியாதைக்குச் சேர்ப்பது என்று தெரிந்த அன்று கலியன் வீட்டுக்கு வந்து தனகோட்டியிடம் சொன்னான்.

"எம்பேருக்குப் பின்னாடி மரியாத போட்டுக் கூப்புடறாரு தெரியுமா?"

"ஊருக்குப் போற வரைக்கும் கூப்புடுவாரு. அப்பறம்?" என்றாள் அவள். முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இவாசே தங்கியிருந்த குவார்ட்டர்ஸுக்குச் சாமான் கொண்டுபோய் வைக்கிற வேலையும் மெல்ல மெல்லக் கலியனுக்கு வந்தது. முதல் தடவை போனபோது வாசலில் நின்றான். அவர் உள்ளே வரச் சொல்லி, படியில் தான் கழற்றிவைத்திருந்த செருப்பைச் சுட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டு வரலாம் என்று அர்த்தம். கலியனுக்கு ஆச்சரியம். கழற்றச் சொல்கிறவர்கள் அவனை உள்ளே கூப்பிட்டதில்லை. உள்ளே தரையில் பாய். அலமாரியில் கதவு வைத்த சின்ன மரப்பெட்டி, அதற்குள் செத்துப்போன தகப்பனார் படம். தினமும் காலையில் ஒரு கிண்ணியில் சோறும் தண்ணீரும் வைத்து, சின்ன மணியைத் தட்டிக் கும்பிடுவார். பெட்டிக்குப் பக்கத்திலேயே உள்ளங்கை அளவு டிரான்சிஸ்டர், காமிரா. ஒருநாள் மனைவி எழுதிய கடிதத்தைக் காட்டி, கையால் சுற்றிச் சுற்றிக் காட்டி, தன் வீட்டில் துணி துவைக்கிற மெஷின் வந்துவிட்டது என்று புரியவைத்தார். அடுத்த நிமிஷம் நம் ஊர் அரிசி ஒட்டவே மாட்டேன் என்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டு, குழைய வடித்த சோற்றில் பச்சை முட்டையை உடைத்து ஊற்றி இரண்டு குச்சியால் வாரிச் சாப்பிட்டார். கலியன் முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார்.

அவருக்கு ஒரே ஒரு குறை, குளிக்கிற விஷயம். குழாயில் வருகிற தண்ணீரைச் செம்பால் மொண்டு ஊற்றிக்கொள்வது அவருக்குக் குளியலாகவே படவில்லை. ஒரு காலி எண்ணெய் டிரம்மைக் கேட்டு வாங்கினார். கலியனும் அவரும் அதைச் சோடா போட்டு, மணல் போட்டு மூன்று நாள் தேய்த்தார்கள். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் செங்கல் அடுப்புக் கட்டி அதன்மேல் நிறுத்தி, சுற்றிலும் ஓலைத் தட்டி வைத்து மறைத்தார்கள். அடியில் எரிய முந்திரிக் கட்டை. சூடேறிய தகட்டில் கால் படாமலிருக்க உள்ளே மிதிக்கும் பலகை ஒன்றைப் பலாமரத்தில் கலியனே வட்டமாக அறுத்துக் கொண்டுவந்தான்.

தயாரான சாயங்காலம் இவாசே டிரம்மைக் காட்டி, "கலியன்சான், முதல்" என்றார். அந்த ஒரு தமிழ் வார்த்தையை அதற்கென்றே யாரிடமோ கேட்டுவைத்திருந்தார்போல.

கலியனுக்கு விளங்கவில்லை. அவர் குளித்து முடித்த பிறகு டிரம்மைக் கழுவச் சொல்கிறார் என்று நினைத்தான். இவாசே கையை ஆட்டினார். ஒரு மணை போட்டு அவனை உட்கார வைத்து, வெளியிலேயே சோப்புப் போட்டு அழுக்குப் போகத் தேய்த்து, தண்ணீர் ஊற்றிக் கழுவிக் காட்டச் சொன்னார். சுத்தமாக ஆன பிறகுதான் டிரம்மில் இறங்க வேண்டும். அது அழுக்குப் போக்குகிற தண்ணீர் இல்லை, உடம்பை ஊறவைக்கிற தண்ணீர். வீட்டுக்கு வந்த விருந்தாளி முதலில் இறங்குவார், வீட்டுக்காரர் அப்புறம், பெண்டாட்டி பிள்ளைகள் அதற்கப்புறம். எல்லாருக்கும் ஒரே தண்ணீர்.

கலியன் பலகையை மிதித்து இறங்கினான். தண்ணீர் கழுத்துவரைக்கும் ஏறியது. சூடு எலும்புக்குள் போயிற்று. பெல்ட் வேலையில் இறுகிப்போன தோள் இரண்டும் கழன்று விழுந்ததுபோல் இருந்தது. அவன் ஏறி வந்ததும் அதே தண்ணீரில் இவாசே இறங்கினார். கண்ணை மூடி, துண்டைத் தலையில் மடித்து வைத்துக்கொண்டு "ஆ..." என்று நீளமாகப் பெருமூச்சு விட்டார். அவன் தொட்ட தண்ணீரில் வேறொருவர் கழுத்துவரை உட்கார்ந்திருந்ததைக் கலியன் ஈரத்தோடு நின்று பார்த்துக்கொண்டே இருந்தான்.

நாலு மாதம் இப்படிப் போயிற்று. வாரத்தில் இரண்டு நாள் கட்டை கொண்டுபோவான், குளிப்பான், வருவான். தனகோட்டியிடம் மட்டும் சொல்லியிருந்தான். "யோவ், அந்த ஆளுக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க கண்ணுல பட்டா இன்னா ஆவும்னு ஓசன பண்ணியா?" என்று அவள் கேட்டாள்.

கண்ணில் பட்டது ராஜாங்கத்துக்கு. அவனும் பெல்ட் கேங்தான். கலியனுடைய அழிந்துபோன அதே ஊரின் ஊர்த்தெருக்காரன். சூப்பர்வைசர் கொடுத்த சீட்டோடு குவார்ட்டர்ஸுக்கு வந்தவன், பின்பக்கம் பேச்சுக் கேட்டுத் தட்டியைத் தள்ளிப் பார்த்தான். கலியன் டிரம்மிலிருந்து ஏறிக்கொண்டிருந்தான். அடுத்து இறங்கத் தயாராக இவாசே இடுப்பில் துண்டோடு நின்றார். ராஜாங்கம் சீட்டைத் தரையில் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் கேங்கில் ஒருவரும் கலியன் பக்கத்தில் உட்காரவில்லை. அதுவரைக்கும் மண்ணும் ரப்பரும் கலந்த அந்த வேலையில் யார் என்ன என்று பார்க்காமல்தான் இருந்தார்கள், அல்லது பார்க்காததுபோல் இருந்தார்கள். குடிதண்ணீர்ப் பானையை ராஜாங்கம் கலியன் எதிரிலேயே தூக்கிக் கவிழ்த்தான்.

"ஊரு போனா எல்லாம் போச்சின்னு நெனச்சிகினு இருக்கியா? குளத்துல எறங்க முடியலன்னு டிரம்முல எறங்கறியா நீ? அந்தாளு கையில நாங்க டீ வாங்கிக் குடிக்கறோம்டா!"

"அவருதான் எறங்கச் சொன்னாரு" என்றான் கலியன்.

"அவருக்குத் தெரியாது. தெரிய வெக்கிறோம்."

ஞாயிற்றுக்கிழமை சங்கரலிங்கம் இவாசே வீட்டுக்குப் போய் வந்தார். திங்கட்கிழமை காலையில் உடற்பயிற்சி முடிந்ததும் இவாசே கலியன் எதிரில் வந்து நின்றார். வலது கையைத் தூக்கி, கட்டை விரலை உள்ளங்கையில் மடக்கி, நாலு விரலை நீட்டிக் காட்டினார். பிறகு அந்தக் கையாலேயே கலியனுடைய மார்பைச் சுட்டினார். முகம் கேள்வி கேட்டது.

அன்றைக்கு ஒட்ட வேண்டிய பெல்ட்டில் துணி நாலு அடுக்கு. அதைத்தான் கேட்கிறார், நீதான் செய்யப்போகிறாயா என்று கேட்கிறார் என நினைத்தான் கலியன். அவனுக்குச் சந்தோஷம். அவர் சொல்லிக்கொடுத்த வார்த்தையாலேயே "ஹை!" என்றான். ஆமாம் என்று அர்த்தம். போதாதென்று அவரைப்போலவே நாலு விரலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான்.

இவாசே கையைக் கீழே போட்டார். திரும்பி நடந்தார். சங்கரலிங்கம் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் கலியன் வழக்கம்போல் முந்திரிக் கட்டையைச் சுமந்துகொண்டு போனான். டிரம் அடுப்பிலிருந்து இறக்கப்பட்டுக் கவிழ்ந்து கிடந்தது. அவன் அறுத்துக் கொடுத்த பலாப்பலகை நாலாகப் பிளந்து அடுப்பில் எரிந்துகொண்டிருந்தது. வாசற்படியின் இரண்டு பக்கமும் உப்பைச் சின்னக் குவியலாக வைத்திருந்தது. எறும்புக்கு என்று நினைத்தான். அப்போது இவாசே வெளியே வந்தார். இவனைப் பார்த்ததும் கையிலிருந்த உப்பைத் தன் தோளில் தூவிக்கொண்டார், படியில் தூவினார். கட்டையை எங்கே வைக்க என்று கலியன் சைகையால் கேட்டான். அவர் தூரத்து வேலியைக் காட்டினார்.

விஷயத்தை அவனுக்கு விளக்கிச் சொன்னவர் சங்கரலிங்கம்தான். மறுநாள் ஸ்டோர் வாசலில் கலியன் போய் நின்றபோது அவர் குரலைத் தாழ்த்தி, ஏதோ நல்லது செய்பவர்போல் சொன்னார்.

"நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலப்பா. உள்ளதச் சொன்னேன். இங்கிலீஷ்ல எப்படிச் சொன்னாலும் அவருக்கு வெளங்கல. செத்த மாடு, தோலு, சுடுகாடுன்னு சொன்னேன். உடனே மூஞ்சி மாறிப்போச்சு. அவங்க ஊர்லயும் அப்படி ஆளுங்க உண்டாம். தனித் தெருவாம். பட்ட தீட்டுப் போக உப்புத் தூவிக்குவாங்களாம். வாயால சொல்லமாட்டாங்களாம், நாலு விரலக் காட்டுவாங்களாம். நாலு காலு... மிருகம்னு அர்த்தமாம்."

கலியன் தன் வலது கையைப் பார்த்தான்.

"நீயும் ஆமான்னுட்டே" என்றார் சங்கரலிங்கம். பிறகு, கதை சொல்கிற சுவாரசியத்தோடு தொடர்ந்தார். இவாசேயின் தங்கைக்குப் பேசி முடித்த மாப்பிள்ளை அப்படிப்பட்ட தெருவிலிருந்து வந்தவன் என்று சந்தேகம். ஆள் வைத்து விசாரித்து, உண்மை என்று தெரிந்ததும் கல்யாணத்தை நிறுத்தியவர் இவாசேதானாம். தங்கை இன்னும் அவரோடு பேசுவதில்லையாம். "ஆறேழு மாசமா அவரு சொல்றது எனக்குப் பாதி வெளங்காது. ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் ரெண்டு மணி நேரம் பேசினோம். எல்லாம் வெளங்குச்சி."

கலியன் அங்கிருந்து நேராக வேலைக்குப் போனான். அன்று சாயங்காலம் கட்டை இல்லாமல், வெறுங்கையோடு இவாசே வீட்டு வேலிக்கு வெளியே போய் நின்றான். அவருக்குப் புரிகிற ஜப்பான் வார்த்தை அவனிடம் இருபதுதான் இருந்தது. சோப்பு, தண்ணீர், முதல், சுத்தம். அவற்றைப் பொறுக்கிச் சேர்த்துச் சொன்னான். "சோப்புப் போட்டேன். தண்ணி ஊத்தினேன். சுத்தம். சுத்தமாயித்தான எறங்கினேன்?" கடைசியில் தமிழ்தான் வந்தது. "நீங்கதானங்க எறங்கச் சொன்னீங்க?"

இவாசே இரண்டு கையையும் தொடையோடு ஒட்டவைத்து இடுப்பு மடிய வணங்கினார். அவ்வளவு ஆழமாக அவர் யாருக்கும் வணங்கிக் கலியன் பார்த்ததில்லை. நிமிர்ந்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வேலையில் அவர் கோபப்படவில்லை, திட்டவில்லை. 'சான்' போட்டே கூப்பிட்டார். கத்தியை மட்டும் தரையில் வைத்துவிட்டு இரண்டடி விலகி நிற்பார், கலியன் எடுத்துக்கொள்வான். திரும்பத் தரும்போது அவன் தரையில் வைப்பான். தகப்பனார் காலத்திலிருந்து பழகிய காரியம் என்பதால் அவனுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

இவாசே ஊருக்குப் போக ஒரு மாதம் இருக்கும்போது பரீட்சை வைத்தார். எட்டுப் பேரும் தனித்தனியாக ஒரு ஜாயிண்ட் போட வேண்டும். அதில் இரண்டு பேரைக் கம்பெனி நிரந்தரமாக எடுத்துக்கொள்ளும், குவார்ட்டர்ஸ் உண்டு. கலியன் அன்று காலையில் சாப்பிடாமல் வந்து உட்கார்ந்தான். அடுக்கை உரிக்கும்போது ஒரு நூல் அறுபடவில்லை. இவாசே அந்த ஜாயிண்டின்மேல் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார், உள்ளங்கையால் தடவினார், வளைத்துப் பார்த்தார். ஒரு நிமிஷம் அவர் முகத்தில் பழைய இவாசே தெரிந்தார். பிறகு நோட்டில் எழுதினார்.

தேர்வானவர்கள் ராஜாங்கமும் இன்னொருவனும்.

"மார்க்கு உனக்குத்தான் மொதல்" என்று சங்கரலிங்கமே ஒப்புக்கொண்டார். "அவரு எழுதினத நானே படிச்சேன். வேல முதல் தரம்னு எழுதியிருக்காரு. அதுக்குக் கீழ, கேங்கோட ஒத்துமைக்கு இந்த ஆளு இடஞ்சல்னு எழுதியிருக்காரு. அவங்க ஊர்ல ஒத்துமதான் பெரிசாம். ஒருத்தன் எவ்வளவு கெட்டிக்காரனா இருந்தாலும் மத்தவங்களோட சேரலேன்னா வேண்டாம்பாங்களாம்."

"நான் சேரலியாங்க சார்?" என்றான் கலியன்.

சங்கரலிங்கம் கடிகாரத்தைப் பார்த்தார்.

புறப்படுகிற அன்று இவாசே எல்லாருக்கும் ஏதாவது கொடுத்தார். சங்கரலிங்கத்துக்கு டிரான்சிஸ்டர். ராஜாங்கத்துக்கு மடக்கு விசிறியும் பேனாவும். கலியனுக்கும் ஒன்று இருந்தது. பூப்போட்ட துணியில் மடிப்புக் கலையாமல் அழகாகச் சுற்றிய பொட்டலம். அதைத் தரையில் வைத்து, விலகி நின்று வணங்கினார். வீட்டில் தனகோட்டி பிரித்தாள். மூன்று வெள்ளை சோப்பு.

கலியன் எழுந்து அதை எடுத்துச் சாலையில் எறியப் போனான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவங்க ஊர்ல இதக் குடுக்கறது வழக்கமாக்கூட இருக்கும், யாரு கண்டா. பொண்ணுக்கு ஆவும், வை." அவள் மகளைக் கூட்டிப் போய் அந்தச் சோப்பால் தேய்த்துவிட்டாள். குடிசை முழுக்க மூன்று மாதம் அந்த வாசனை இருந்தது. கலியன் அந்த மூன்று மாதமும் வெளியில் படுத்தான்.

அவனைக் கம்பெனி விட்டுவிடவில்லை. பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற மண்ணை வாருகிற கேங்கில் கான்டிராக்ட் ஆளாகப் போட்டது. அது குனிந்தே செய்ய வேண்டிய வேலை. தலைக்குமேல் பெல்ட் ஓடும், ராஜாங்கம் போட்ட ஜாயிண்ட் ஒவ்வொரு சுற்றுக்கும் கடக்கும். அது எப்போது வாயைப் பிளக்கும் என்று அவனுக்குச் சத்தத்திலேயே தெரியும். பிளந்தால் அவனைக் கூப்பிடுவார்கள். அவன் ஒட்டுவான், ராஜாங்கம் கையெழுத்துப் போடுவான். இப்படியே நாலு வருஷம் ஓடியது.

அறுபத்தாறு ஐப்பசி மழையில் பெரிய பெல்ட் நெடுக்கக் கிழிந்துவிட்டது. சங்கரலிங்கம் ஜீப்பில் குடிசைக்கே வந்தார். இறங்கவில்லை.

"இந்தத் தடவ செஞ்சி குடுத்துடு. பர்மனெண்ட் நான் எழுதி வாங்கித் தர்றேன். எம்மேல ஆணை."

கலியன் இரண்டு பகல் மழையில் தார்ப்பாய்க்கடியில் உட்கார்ந்து ஒட்டினான். பெல்ட் ஓடிற்று. காகிதம் வரவில்லை. அடுத்த தடவை கூப்பிட்டபோது போக மாட்டேன் என்றான். மாதக் கடைசியில் அவனுடைய கேட் பாஸ் புதுப்பிக்கப்படவில்லை. ஒரு வாரம் கேட்டில் நின்று பார்த்தான், வாட்ச்மேன் போகச் சொன்னதும் போய்விட்டான்.

வடலூரில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் அப்துல் கபார் டயர் பட்டறை வைத்திருந்தார். தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டுகிற பட்டறை. அவர் கலியனை வேறொன்றும் கேட்கவில்லை. "கையக் காட்டுப்பா" என்றார். சூடு பட்டுக் காய்த்த விரல்களைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வந்துடு" என்றார். வேலை பிடித்திருந்தது. பஸ் டிரைவர்கள் அவன் ஒட்டிய டயரைக் கேட்டு வாங்கினார்கள். அவன் அதிகம் பேசாத ஆளாகிவிட்டான். யாராவது கை நீட்டிக் காசோ சாமானோ கொடுத்தால் வாங்க மாட்டான், கீழே வைக்கச் சொல்வான். பட்டறையில் அதை அவனுடைய கிறுக்கு என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

அறுபத்தெட்டு சித்திரையில் ஒருநாள், சுரங்கத்துப் பக்கமிருந்து வந்த லாரி டிரைவர் ஒருவன் பட்டறையில் சேதி சொன்னான். ஜாயிண்ட் பிளந்த பெல்ட்டை நிறுத்தாமல் ஓடவிட்டே பார்க்கப் போன ஆளை உருளை இழுத்துக்கொண்டதாம். வலது கை தோளோடு போய்விட்டதாம். உயிர் இருக்கிறது, பிழைப்பது கஷ்டம். பெயர் ராஜாங்கமாம், பழைய பெல்ட் ஆளாம். அப்துல் கபார் உச்சுக்கொட்டி, "அல்லா" என்றார். கலியன் அழுத்தத் தகட்டைத் திருகி இறுக்கினான். டயர் ஆகிற வரைக்கும் அதன் பக்கத்திலேயே நின்றான்.

மத்தியானம் அவனுக்குச் சோறு கொண்டுவந்த தனகோட்டிக்கும் சேதி வழியிலேயே கிடைத்திருந்தது. ஆறிப்போகிற சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"பெண்டாட்டிக்காரி ஆஸ்பத்திரி வாசல்ல உழுந்து பொரள்றாளாம். மூணு கொழந்தைங்க. ஒரு நடை போய்ப் பாத்துட்டு வந்துடலாமாய்யா?"

அவன் தின்றுகொண்டே இருந்தான்.

"கேக்குதா? எப்படி இருந்தாலும் ஒரே ஊர்ல பொறந்தவன்தான?"

"எந்த ஊரு?" என்றான் கலியன்.

அவள் அவனையே பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாளாக ஒரு வேளைக்கு ஒரு தட்டுச் சோற்றுக்குமேல் அவன் சாப்பிட்டு அவள் பார்த்ததில்லை. அன்று தட்டைத் துடைத்து வைத்துவிட்டு மறுபடியும் அவளிடம் நீட்டினான்.

"இன்னும் கொஞ்சம் போடு. குழம்பு நல்லா இருக்குது."